மிலான் நகரத்து அந்நியர்கள்

1908ஆம் வருஷம் மார்ச் மாதம் 9ஆம் தேதி இரவு, அந்நிய தேசத்து ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்வதில் தங்கள் பழைய கால்பந்துச் சங்கம் காட்டிய தயக்கத்தைப் பொறுக்கமாட்டாமல் அதிலிருந்து விலகிவந்த சிலர், மிலான் நகரத்துப் போஜன விடுதி ஒன்றில் கூடிப் புதுச் சங்கம் ஒன்றை ஸ்தாபித்து, அதற்கு ‘சர்வதேசம்’ என்று பொருள்படும் இன்டர்நாசியோனாலே என்ற நாமத்தைச் சூட்டினார்கள். அந்தப் பெயருக்கு உள்ள அர்த்தம் முழுவதும் பலிப்பதற்கு 102 வருஷங்கள் பிடித்தன. 2010 மே 22 அன்று மாட்ரிட் நகரத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய கோப்பைக்காக அந்தச் சங்கம் மைதானத்தில் இறங்கியபோது, நாலு அர்ஜென்டினர், மூன்று பிரேசிலியர், ருமேனியா, ஹாலந்து, கேமரூன், மாசிடோனியா தேசங்களிலிருந்து ஆளுக்கொருவர் என்று நின்ற பதினொருவரில் இத்தாலியர் ஒருவர்கூட இல்லை!

இத்தாலியக் கோஷ்டி ஒன்றுக்கு வருஷமொன்றில் மூன்று வகைப் பந்தயங்கள் உண்டு. 20 கோஷ்டிகள் தத்தம் ஊரில் ஒரு தடவையும் எதிரியின் ஊரில் ஒரு தடவையுமாக 38 ஆட்டங்கள் ஆடிப் புள்ளி சேர்க்கும் ‘சீரீ ஆ’ முதலாவது. தோற்றவர் வெளியேறும் இத்தாலியக் கோப்பை இரண்டாவது. பல தேசங்களின் தலைசிறந்த கோஷ்டிகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் மூன்றாவது. ஒரே வருஷத்தில் இம்மூன்றையும் எந்த இத்தாலியச் சங்கமும் அதுவரை ஜயித்ததில்லை.

இன்டர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த மிலான் சங்கத்தின் அப்போதைய தலைவர் மாசிமோ மொராட்டிக்கு, இவற்றில் மூன்றாவதில் குடும்ப விஷயமும் கலந்திருந்தது. அவருடைய தகப்பனார் ஆஞ்செலோ மொராட்டி தலைவராக இருந்த காலத்தில்தான், 1964இலும் 1965இலும் சங்கம் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அதன் பிறகு 45 வருஷங்கள் அந்தக் கோப்பை அந்தப் பக்கம் வரவே இல்லை. தகப்பனாரின் புகழை மீட்கப் பிள்ளை கொட்டிய பணத்துக்குக் கணக்கில்லை. கடைசியில் 2008இல் ஜோசே மொரீனியோ என்ற போர்ச்சுகீசியப் பயிற்சியாளரை அழைத்துவந்தார். மறுவருஷக் கோடையில் தங்கள் ஆட்டக்காரர் இப்ராஹிமோவிச்சைப் பார்சலோனாவுக்குக் கொடுத்து, மாற்றாக எட்டோவையும் பெரும் தொகை ஒன்றையும் பெற்றுக்கொண்டார்கள். ரியல் மாட்ரிட் வேண்டாமென்று கழித்த ஸ்னைடரும், ஜெனோவாவிலிருந்து முப்பது வயது டியேகோ மிலீட்டோவும் வந்து சேர்ந்தார்கள்.

ஆரம்பம் ஒன்றும் பிரமாதமில்லை. நவம்பரில் கீவ் நகரத்தில் 86ஆவது நிமிஷம் வரை பின்தங்கி நின்றார்கள். மிலீட்டோவும் ஸ்னைடரும் அடுத்தடுத்துக் கோல் போட்டிராவிட்டால் ஐரோப்பியப் பிரயாணம் கிட்டத்தட்ட அங்கேயே முடிந்திருக்கும்.

அரையிறுதியில் எதிர்ப்பட்டது அப்போது உலகத்திலேயே மகா பலசாலி என்று பெயரெடுத்திருந்த பார்சலோனா. ஐஸ்லாந்தில் வெடித்த எரிமலையின் சாம்பல் ஆகாயத்தை மூடி விமானங்களை நிறுத்திவிட்டபடியால், மெஸ்ஸி உட்பட அந்தக் கோஷ்டியார் அனைவரும் இரண்டு நாள் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு மிலானுக்கு வந்து, 3–1 என்று தோற்றுப் போனார்கள். எட்டு நாள் கழித்துத் தங்கள் ஊரில் 2–0 என்று ஜயித்தால் போதும். மொத்தக் கோல்கள் சமமாகும்போது வெளியூரில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற அக்காலத்து விதிப்படி அவர்களே இறுதிக்குப் போய்விடலாம்.

அந்த ஆட்டத்தின் 28ஆவது நிமிஷத்தில் இன்டரின் தியாகோ மோட்டாவின் கை, பார்சலோனாவின் புஸ்கெட்ஸின் முகத்தில் பட்டது. கீழே விழுந்து முகத்தைப் பொத்திக்கொண்டவர், விரல்களைச் சற்றே விலக்கி நடுவரை எட்டிப் பார்த்ததைத் தொலைக்காட்சி காட்டிக்கொடுத்துவிட்டது. சிவப்பு அட்டை வாங்கியது என்னவோ மோட்டாதான். மீதி ஒரு மணி நேரமும் பத்துப் பேர் தங்கள் கோல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கோல் போடுவதற்கென்றே பிறந்த எட்டோ, பின்வரிசைக் காவலாளாக மாறி ஓடி ஓடி மறித்தார். மெஸ்ஸி வளைத்து அடித்த பந்தைக் கோல் கீப்பர் ஜூலியோ செசார் பாய்ந்து விரல் நுனியால் தள்ளிவிட்டார். 84ஆவது நிமிஷத்தில் பிகே ஒரு கோல் போட்டார்; கடைசியில் போஜான் போட்டதை, முன்னதாகப் பந்து கையில் பட்டதென்று நடுவர் செல்லாததாக்கினார். ஒரு கோலில் தோற்றும் இறுதியாட்டத்துக்குப் போன மொரீனியோ, விரலை வானத்தை நோக்கி உயர்த்தியபடி மைதானத்தில் ஓட, புல்லுக்கு நீர் தெளிக்கும் குழாய்களை யாரோ திறந்துவிட்டார்கள்! இதெல்லாம் ஆட்டமா, மறியலா என்று கேட்ட ரசிகர்கள் உண்டு. என் வரையில், தாக்குவது எப்படி ஒரு கலையோ அப்படியே தடுப்பதும் கலைதான், அதிலும் பத்துப் பேராகத் தடுப்பது அபூர்வமான கலை.

இதற்கிடையே உள்நாட்டில் ரோமா கோஷ்டி, ஒரு சமயம் 14 புள்ளிகள் பின்தங்கியிருந்தும், ஏப்ரலில் இன்டரைத் தாண்டி முதலிடத்துக்கு வந்துவிட்டது. அது இரண்டே வாரம். சாம்ப்டோரியாவிடம் சொந்த ஊரிலேயே தோற்று மறுபடி இறங்கிற்று. அடுத்த ஞாயிறு இன்டர் ஆடியது ரோமாவின் ஜன்ம வைரியான லாட்சியோவுடன். அண்டை வீட்டான் வாழக் கூடாதென்று லாட்சியோ ரசிகர்கள் தங்கள் கோஷ்டியின் தோல்விக்கே பிரார்த்தித்து, இன்டர் முதல் கோல் போட்டதும், ‘ஐயோ, போச்சே!’ என்று துக்கம் விசாரிப்பதுபோல் ஒரு பதாகையைப் பரம சந்தோஷத்துடன் விரித்தார்கள்.

மே 5 அன்று ரோமாவின் சொந்த மைதானத்திலேயே இத்தாலியக் கோப்பை. 16 அன்று சியெனாவில், ரோமாவைவிட இரண்டே புள்ளிகள் அதிகமாக 82 புள்ளிகளுடன் சீரீ ஆ. 22 அன்று மாட்ரிட்டில் பயர்ன் மியூனிக்கை 2–0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பை. இந்த மூன்று ஆட்டங்களில் இன்டர் போட்ட கோல்கள் மொத்தம் நாலு. நாலையும் போட்டவர் மிலீட்டோ.

மாட்ரிட்டில் ஆட்டம் முடியும் தறுவாயில் அவர் வெளியே வர, பதிலுக்கு உள்ளே போனவர் மார்கோ மாட்டராட்சி. அன்றிரவு இன்டருக்காக ஆடிய ஒரே இத்தாலியர். சில நிமிஷங்கள்தான் ஆடினார். பிறகு கோஷ்டி கோப்பையுடன் மிலானுக்கு விமானம் ஏறியது. ரியல் மாட்ரிட்டுக்குப் போக ஏற்கெனவே தீர்மானித்திருந்த மொரீனியோ ஏறவில்லை. அதற்கு முன்பே மைதானத்துக்கு வெளியே காரில் புறப்பட்டவர், சுவரோரமாகத் தனியே நின்றிருந்த மாட்டராட்சியைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்க் கட்டிக்கொண்டார். இருவரும் குழந்தைகள்போல் அழுதார்கள். அப்புறம் கார் போய்விட்டது.