சிறிய நாடுகளின் வலிமை

‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’ என்பர். உலக அரசியலிலும் அப்படித்தானா? இக்கேள்விக்கு விடை தேடியவர் அமெரிக்க அறிஞர் அன்னெட் பேக்கர் ஃபாக்ஸ் அம்மையார். இரண்டாம் உலகப் போரின்போது துருக்கி, பின்லாந்து, நார்வே, ஸ்வீடன், ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகள் வல்லரசுகளின் நெருக்குதலை எவ்வாறு சமாளித்தன என்று ஆராய்ந்து, 1959-இல் நூலாக வெளியிட்டார்.

துருக்கியைப் பாருங்கள். படைக்கலன் செய்ய வேண்டிய குரோமியத் தாது அதனிடம் இருந்தது. பிரிட்டனுக்கும் விற்றது; ஜெர்மனிக்கும் விற்றது. 1945 பிப்ரவரி வரை போரில் இறங்கவில்லை. நார்வேயும் நடுநிலை நாடுதான். ஆனால் தற்காப்பு ஆயத்தம் போதாமல், 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படையெடுப்புக்கு ஆளாயிற்று.

ஆகவே, ‘நடுநிலை’ என்று அறிவித்துவிட்டால் மட்டும் போதாது. தாக்கினால் ஆதாயத்தைவிட நட்டமே மிகுதி என்று வல்லரசை எண்ணவைக்க வேண்டும். எளியவனுக்கும் வாய்க்கால் வெட்டத் தெரியும்!