திட்டினால் எடை குறையுமா?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் மூத்த மகள். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆறு மாதம் கழித்து விடுமுறைக்கு வருகிறாள். தைத்துக் கொடுத்த சுடிதார் இறுக்கிப் பிடிக்கிறது.

“என்னடி இப்படிப் பெருத்துட்டே? வாயைக் கட்டக் கூடாதா?” என்கிறாள் அம்மா.

மகள் பதில் பேசவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை. மறுநாள் பசி தாங்காமல் இரண்டு மடங்கு சாப்பிட்டாள்.

அம்மா அன்பினால்தான் பேசினாள். ஆனால் அந்தப் பேச்சால் என்ன பயன்?

எடை ஏன் கூடுகிறது?

வீட்டில் இருந்தபோது அவள் பள்ளிக்கு நடந்து போனாள். தண்ணீர் எடுத்தாள். வேளைக்குச் சாப்பிட்டாள். விடுதியில் நடை குறைந்தது. காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு ஓடினாள். மாலையில் சமோசா, பஜ்ஜி, குளிர்பானம். இரவில் வெகுநேரம் விழிப்பு. வீட்டு நினைவு வந்தால் தின்பண்டமே ஆறுதல். இது அவள் குற்றம் அல்ல. அவளுடைய வாழ்க்கை முறை மாறிவிட்டது.

கல்லூரி முதலாண்டில் 15 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 7 கிலோ எடை கூடும் என்று அமெரிக்காவில் ஒரு பேச்சு உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்து 2015-இல் கணக்குப் பார்த்தார்கள். சராசரியாகக் கூடியது ஒன்றரை கிலோவுக்கும் குறைவுதான். ஆகவே பயம் வேண்டாம். ஆனால் கவனம் வேண்டும். ஏறிய எடையைக் குறைப்பது கடினம். எடை சற்றே கூடினாலும் நம் நாட்டவருக்குச் சர்க்கரை நோய் எளிதில் வருகிறது.

கேட்டுப் பேசும் முறை

வில்லியம் மில்லர் என்பவர் மனதைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர். குடியை விட முடியாமல் தவித்தவர்களுக்காக 1983-இல் அவர் ஒரு முறையை எழுதினார். அதுதான் ஊக்க ஆலோசனை. இன்று உணவுப் பழக்கத்தை மாற்றவும் அது பயன்படுகிறது.

இதில் ஆலோசகர் கட்டளை போடுவதில்லை. கேள்வி கேட்கிறார். பதிலைப் பொறுமையாகக் கேட்கிறார். பிறர் சொன்ன காரணம் காதோடு போய்விடும். நாமே சொன்ன காரணம் மனதில் நிற்கும்.

அந்த மகள் ஓர் ஆலோசகரிடம் போனால் பேச்சு இப்படி இருக்கும்:

“உடம்பைப் பார்த்துக்கொள்வது உனக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை கொடுப்பாய்?”

“ஐந்து, மேடம்.”

“ஏன் இரண்டு என்று சொல்லவில்லை?”

அவள் யோசிக்கிறாள். “மாடி ஏறினால் மூச்சு வாங்குது. பள்ளியில் நான் கபடி ஆடினேன். மறுபடி ஆட ஆசை.”

“அதற்கு முதலில் எதை மாற்றலாம்?”

“குளிர்பானத்தை விடலாம். காலையில் சாப்பிட்டுட்டுப் போகலாம்.”

பார்த்தீர்களா? “ஏன் பத்து இல்லை?” என்று கேட்டிருந்தால் அவள் சாக்குச் சொல்லியிருப்பாள். “ஏன் இரண்டு இல்லை?” என்றதும் தன் ஆசையைச் சொன்னாள். வழியையும் அவளே கண்டுபிடித்தாள்.

அது சின்ன மாற்றம்தான். ஆனால் 300 மில்லி குளிர்பானத்தில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நாம் என்ன செய்யலாம்?

எல்லாக் கல்லூரிகளிலும் ஆலோசகர் இல்லை. ஆனால் பொறுமையாகக் கேட்பது நம்மாலும் முடியும்.

• பிள்ளையின் உடம்பைக் கேலி செய்யாதீர்கள்.

• “விடுதியில் பொழுது எப்படிப் போகுது?” என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.

• “எனக்கு ஒன்று தோணுது, சொல்லட்டுமா?” என்று கேட்டுவிட்டு யோசனை சொல்லுங்கள்.

• பட்டினி கிடக்க விடாதீர்கள். தினம் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் நல்லது.

• எடை திடீரென்று ஏறினால், எப்போதும் சோர்வு இருந்தால், மாதவிலக்கு தவறினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த முறை மந்திரம் அல்ல. பழைய பழக்கம் திரும்பவும் வரலாம். அப்போதும் திட்டாமல் மறுபடி கேட்க வேண்டும்.

மகள் கபடி ஆடியது அம்மாவுக்கும் தெரியும். அடுத்த விடுமுறைக்கு அவள் வரும்போது அம்மா இப்படிக் கேட்கலாம்: “வா கண்ணு. காலேஜில் கபடி ஆடுறியா?”

அங்கிருந்து பேச்சு தொடங்கட்டும்.