இரும்பைத் தின்னும் துரு

1969-இல் வெளிவந்த டாட்ஸன் 240-இஸட் என்னும் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே புதுப்பிப்போர், அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினின் பெருமையைப் பேசுவர். இரசாயனம் பயிலும் எனக்கோ அதன் துருவே பெரிதாகத் தோன்றுகிறது. தனி அடிச்சட்டகம் அதற்கு இல்லை, உடலே எலும்பு. ஆகவே பாட்டரித் தட்டின் அடியிலும் தரைத் தகட்டிலும் துரு ஏறினால் கெடுவது அழகு மட்டுமன்று. ஓட்டுபவர் உயிருக்கே ஆபத்து. ஓட்டை விழுந்த தகட்டை வெட்டியெறிந்து புதியதைப் பற்றவைக்கத்தான் வேண்டும்.

கழற்றக்கூடிய சிறு உறுப்புகளுக்கு நம் ஆய்வுக்கூட வித்தையே போதும். பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடாக் கரைசல். உறுப்பை எதிர்முனையிலும் பழைய இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்து, 12 வோல்ட் பாட்டரி சார்ஜரால் மின்சாரம் செலுத்துங்கள். துரு நெகிழ்ந்து உதிரும். எவர்சில்வரை நேர்முனையில் வைக்காதீர்கள். நச்சுக் குரோமியம் கரைசலில் கலக்கும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. திறந்த வெளியே உகந்தது. ஸ்பிரிங்குகளை இத்தொட்டியில் இடலாகாது. ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். எடுத்த உறுப்பைக் கழுவி உலர்த்தி உடனே பிரைமர் பூசுங்கள். மழைக்காலத்தில் ஒரு பகல் தாமதித்தாலும் செந்தூள் மீண்டும் படிந்துவிடும்.