ஓடைக்கரைச் சிவப்பு

வட அமெரிக்காவின் காட்டுப்பூக்களில் கார்டினல் மலரின் சிவப்புக்கு ஈடு சொல்வது கடினம். கனடாவின் தென்கிழக்கு முதல் கொலம்பியா வரை, ஓடைக்கரை, சதுப்பு என ஈரம் வற்றாத இடங்களில் இடுப்பளவு வளர்ந்து நிற்கும். 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய்விட்ட இதற்கு, 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் 'லொபீலியா கார்டினாலிஸ்' என்று பெயர் வைத்தார்.

அந்தச் சிவப்பு தேனீக்களுக்கானதல்ல. அவற்றின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. பூவின் குழலும் நீளம், அடியிலுள்ள தேன் அவற்றுக்கு எட்டாது. (குழலைப் பக்கவாட்டில் கடித்துத் தேன் திருடும் தேனீக்களும் உண்டு.) இந்தப் பூ காத்திருப்பது, சுமார் 3 கிராமே எடையுள்ள ஹம்மிங்பேர்டுக்கு. அது அந்தரத்தில் நின்றபடி அலகை நுழைக்கும்போது, மேலே வளைந்திருக்கும் மகரந்தப்பைக் குழாய் அதன் தலையில் மகரந்தத்தைத் தடவிவிடும். ஒவ்வொரு பூவும் முதலில் ஆண், பிறகு பெண். மகரந்தத்தைக் கொடுத்து முடித்ததும், அதே குழாய்க்குள்ளிருந்து சூல்முடி வெளியே வந்து விரிந்து, வேறு பூவின் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும். பூக்கள் கீழிருந்து மேலாக மலர்வதால், ஒரே தண்டில் கீழே பெண்பூவும் மேலே ஆண்பூவும் இருக்கும்.

ஒன்டாரியோவின் மண்ணுக்கு இது சொந்தச் செடி. டொராண்டோ பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் தமிழர்கள் தாராளமாக வளர்க்கலாம். கூரை மழைநீர் இறங்கும் குழாயடியோ குளத்தின் ஓரமோ பொருத்தமான இடம். மண் காயாதிருந்தால் நல்ல வெயிலையும் தாங்கும். இல்லையென்றால் அரைநிழல் வேண்டும். விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும். முளைக்க வெளிச்சம் தேவை என்பதால் ஈரமண்மேல் தூவி அழுத்திவிட்டால் போதும், மூடக் கூடாது. முதல் ஆண்டு பெரும்பாலும் இலைக்கொத்து மட்டுமே. பூவை அடுத்த கோடையில் எதிர்பார்க்கலாம்.

பல்லாண்டுச் செடி என்றாலும் இதன் ஆயுள் குறைவு. பூத்த தண்டு பட்டுப்போகும். அடியில் கிளைத்த பக்கக் கன்றுகளே அடுத்த ஆண்டுக்கானவை. அவை குளிர்காலத்திலும் பச்சையாகவே கிடக்கும். பலர் செடியை இழப்பது இங்கேதான்: இலையுதிர்காலச் சருகு கனமாக மூடினால் கன்றுகள் மூச்சுமுட்டி அழுகிவிடும். சருகை விலக்கிவிடுங்கள். செடி முழுக்க நச்சு ஆல்கலாய்டுகள் இருப்பதால் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடைக்கரையில் கண்டதைப் பிடுங்கி வராமல், நர்சரியில் விதையிட்டு வளர்த்த கன்றையே வாங்குங்கள்.