குட்டைப் பசு வாங்கப் போறீங்களா? டேப்பை எங்கே வைக்கணும்னு தெரிஞ்சுக்கோங்க!

2021-ல், கொரோனா கட்டுப்பாடுகளையும் மீறி வங்கதேசத் தலைநகர் டாக்கா அருகேயுள்ள ஒரு பண்ணையில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். அவர்கள் பார்க்க வந்தது 'ராணி' என்ற பூட்டி இனப் பசுவை. உயரம் 50.8 செ.மீ. அதாவது, ஒரு பெரியவரின் முழங்கால் உயரம்! உலகிலேயே குட்டையான பசு என கின்னஸ் அறிவிப்பதற்குள், அந்த ஆகஸ்ட்டிலேயே ராணி இறந்துபோனது. ஹார்மோன் ஊசி போட்டுக் குட்டையாக்கவில்லை என்று காட்ட, உரிமையாளர் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் அனுப்பிவைத்தார். அதற்கு முன்பு அந்தச் சாதனை கேரளாவின் 'மாணிக்கியம்' என்ற வெச்சூர் பசுவிடம் இருந்தது. உயரம் 61.1 செ.மீ.

2024 பொங்கல் சமயத்தில் பிரதமர் மோடி தன் இல்லத்தில் புங்கனூர் பசுக்களுக்குத் தீவனம் கொடுக்கும் படங்கள் வெளியாகி வைரலாயின. ஆந்திராவின் சித்தூர் பகுதியைச் சேர்ந்த இந்த இனம், சாதாரணமாக 70 முதல் 90 செ.மீ வரை வளரும். வெச்சூர் பசுவின் சராசரி 87 செ.மீ. ஆனால் சந்தையில், 'மினி', 'மைக்ரோ' என்று உயரம் குறையக் குறைய விலை ஏறுகிறது. லட்சங்களில் பேரம் நடக்கும்போது இரண்டு அங்குலம்கூடப் பெரிய பணம்தான்.

அமெரிக்காவில் இதற்கென்றே வரையறை வைத்திருக்கிறார்கள். மினியேச்சர் மாடு என்றால் 42 அங்குலத்துக்குள் (சுமார் 107 செ.மீ) இருக்க வேண்டும். 36 அங்குலம், அதற்கும் கீழே என்றால் 'மைக்ரோ'. நம்ம ஊரில் காலம் காலமாகக் கட்டிவைத்திருந்த சாதாரண வெச்சூர், அங்கே கிட்டத்தட்ட மைக்ரோ!

ஆனால், எங்கே அளப்பது? சில சங்கங்கள் இடுப்பெலும்பின் மேல் அளக்கின்றன. திமில் உள்ள மினியேச்சர் செபு மாடுகளைத் திமிலுக்குச் சற்றுப் பின்னால் அளக்கிறார்கள். ஒரே மாட்டுக்கு இரண்டு இடத்தில் இரண்டு உயரம் வரலாம். டேப்பை உடம்போடு வளைத்துப் பிடித்தால் அதுவும் தப்பு. தரையில் செங்குத்தாக நிற்கும் அளவுகோலில், முதுகைத் தொடும்படி குறுக்குச் சட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். மாடு சமதளத்தில் நான்கு கால்களையும் நேராக ஊன்றி நிற்க வேண்டும். குளம்பு வைக்கோலில் புதைந்திருந்தாலே ஓர் அங்குலம் காணாமல் போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வயது. அங்கே உயர வரம்பு பெரும்பாலும் மூன்று வயது மாட்டுக்குத்தான். மூன்று மாதக் கன்றைக் காட்டி 'இரண்டடிதான் சார்' என்றால், அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. எந்தக் கன்றும் குட்டைதானே!

குட்டையாக இருப்பதற்கான காரணத்தையும் கேட்க வேண்டும். அயர்லாந்தின் டெக்ஸ்டர் மாடுகள் இதற்குப் பாடம். அவற்றில் சிலவற்றுக்குக் கால் குட்டையாவதே ஒரு மரபணுக் குறைபாட்டால்தான். அந்த மரபணு உள்ள காளையையும் பசுவையும் சேர்த்தால், நான்கில் ஒரு கன்று உருக்குலைந்து செத்துப் பிறக்க வாய்ப்பு உண்டு. 'புல்டாக் கன்று' என்பார்கள். இப்போது மரபணுப் பரிசோதனை செய்து, அப்படிப்பட்ட ஜோடிகளைத் தவிர்க்கிறார்கள்.

வெச்சூரின் குட்டைத்தனம் இனத்துக்கே உரியது. 1961-ல் வந்த கேரளச் சட்டம் நாட்டுக் காளைகளுக்குக் காயடிக்கச் சொன்னதில், இந்த இனம் அழிவின் விளிம்புக்கே போனது. 1989-ல் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிப் பேராசிரியை சோசம்மா ஐப்பும் மாணவர்களும் ஊர் ஊராக அலைந்து, மிச்சமிருந்த மாடுகளைத் தேடிப் பிடித்தார்கள். 2022-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டு மூன்று லிட்டர் பால், குறைந்த தீவனம், நோய் எதிர்ப்பு என்று அந்த மாட்டுக்கு வேறு பெருமைகளும் உண்டு. இன்ஸ்டா ரீல்ஸில் அவை எடுபடுவதில்லை, பாவம்!

கன்று வாங்கப் போகிறவர்கள் அதன் தாயையும் தகப்பன் காளையையும் நேரில் காட்டச் சொல்லலாம். இரண்டுக்கும் மூன்று வயது தாண்டியிருந்தால், அங்கேயே அளவுகோலை வைத்துப் பார்த்துவிடலாம்.