குடிதண்ணீரில் கால் வைக்கலாமா?

காரியாபட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால்தான் கண்மாய் நிறையும். குண்டாற்றில் தண்ணீர் ஓடுவது சில நாள். மற்ற நாளெல்லாம் மணல்தான்!

அதனால் இந்தப் பக்கத்தில் ஊருணிக்குத் தனி மரியாதை உண்டு. கண்மாய் வயலுக்கு. ஊருணி குடிப்பதற்கு. அதில் குளிக்கக் கூடாது. துணி துவைக்கக் கூடாது. மாட்டை இறக்கக் கூடாது. கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் குடத்தோடு போவார்கள்.

"இதெல்லாம் பழைய கட்டுப்பாடு" என்று இன்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

காலில் வந்த புழு

நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. தமிழ்நாடு உள்பட இந்தியாவின் பல மாநிலங்களில் அது மக்களை வாட்டியது.

முதலில் காலில் ஒரு கொப்புளம் கிளம்பும். நெருப்பை வைத்தாற்போல் எரியும். எரிச்சல் தாங்காமல் நோயாளி குளத்திலோ, படிக்கிணற்றிலோ காலை வைப்பார். கொப்புளம் உடையும். உள்ளிருந்து நூல் போன்ற ஒரு புழு தலை நீட்டும். அதன் நீளம் இரண்டு முழம் கூட இருக்கும்!

அந்தப் புழு தண்ணீரில் லட்சக்கணக்கில் குஞ்சு விடும். குஞ்சுகளைச் சிறு நீர்ப்பூச்சிகள் தின்னும். பூச்சியோடு சேர்த்துத் தண்ணீரைக் குடித்தவருக்கு, சுமார் ஓர் ஆண்டு கழித்து அதே கொப்புளம் வரும். ஒருவர் கால் வைத்த தண்ணீர் ஊருக்கே நோயானது.

இதற்கு மருந்து கிடையாது. தடுப்பு ஊசியும் கிடையாது. புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும்.

பிறகு எப்படி ஒழிந்தது? தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். புண் உள்ளவர்களைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. குழாய்க் கிணறுகள் போட்டார்கள். அவ்வளவுதான்! 1996-ம் ஆண்டு ராஜஸ்தானில் கடைசி நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். 2000-ம் ஆண்டு, இந்தியாவில் இந்த நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

கரை ஏமாற்றும்

வீட்டுக்குக் குழாய் வந்ததும் ஊருணியின் மரியாதை குறைந்துவிட்டது. மழை பெய்து தண்ணீர் நின்றால், சிறுவர்கள் குதிக்கிறார்கள். இந்தியாவில் 2022-ம் ஆண்டில் மட்டும் 38 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். நாள் ஒன்றுக்கு நூறு பேருக்கு மேல்!

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போன கோடையில் பிள்ளை பந்து விளையாடிய கண்மாய்தான் அது. ஆனால் கோடையில் மண் எடுத்த பள்ளம் இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. இடுப்பளவு என்று நம்பி நடக்கிறவன், அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் பள்ளத்தில் இறங்குவான். கீழே சேறு. காலை இழுக்க இழுக்கப் புதையும்.

மடை அதைவிட மோசம். மேலே தண்ணீர் அசையாமல் இருக்கும். அடியில் குழாய் வழியாகப் பாயும் தண்ணீர் ஆளையே இழுத்துவிடும். மறுகால் பாயும் கலுங்கில் பாசி படர்ந்திருக்கும். அங்கே முழங்கால் அளவு ஓட்டம் போதும், பெரியவரையும் தள்ளிவிட.

காப்பாற்றப் போகிறவருக்கு

ஒருவன் தத்தளிக்கிறான். நண்பன் குதிக்கிறான். முன்னவன் பயத்தில் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். இருவரும் மூழ்குகிறார்கள். இப்படிப் போன உயிர்கள் அநேகம்.

குதிக்காதீர்கள்! கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பை நீட்டுங்கள். சேலை, வேட்டி, கயிறு எதையாவது வீசுங்கள். மூடி போட்ட காலிக் கேனை எறிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம்.

கரை சேர்ந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் தவறு. வயிற்றில் இருப்பது மூச்சுக்குழலில் ஏறிவிடும். பொன்னான நேரமும் போய்விடும். 108-க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லாவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து 2 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக, அழுத்தமாக அமுக்குங்கள். மறுபடியும் 2 முறை ஊதுங்கள். உதவி வரும் வரை நிறுத்தக் கூடாது.

பிள்ளை எழுந்து உட்கார்ந்து பேசினாலும் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டாம். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.