கவுண்ட் ஏறினால் கிருமிதானா?

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் டோட்டல் கவுண்ட் 14,000 என்று வந்துவிட்டால் போதும், உடம்பில் கிருமி புகுந்துவிட்டது என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருப்பது இயல்பு. அதைத் தாண்டினால் காரணம் தேட வேண்டியதுதான். ஆனால் அந்த எண் தன் காரணத்தைத் தானே சொல்லிவிடாது. வெள்ளை அணுக்களில் பெரும்பான்மையான நியூட்ரோபில்களில் ஏறத்தாழ பாதி, ஓட்டத்தில் கலக்காமல் ரத்தக்குழாய்ச் சுவரோரம் ஒட்டிக் கிடக்கின்றன. ஊசியில் எடுக்கும் ரத்தத்தில் அவை வருவதில்லை. கடும் உழைப்பு, வலி, வலிப்பு, அச்சம் என எதனாலோ அட்ரினலின் சுரந்தால், சில நிமிடங்களில் அவை சுவரை விட்டு ஓட்டத்தில் சேர்ந்துவிடும். புதிதாக ஓர் அணுகூடப் பிறக்காமலே எண் ஏறிவிடுகிறது. ஆஸ்துமாவுக்குப் பிரெட்னிசலோன் சாப்பிடுகிறவர்களுக்கும், தினமும் புகைப்பவர்களுக்கும் கவுண்ட் கூடும். கர்ப்பிணிகளுக்கு 15,000 வரையிலும், பிரசவ வலியின்போது 25,000 வரையிலும்கூடப் போகலாம். மறுபுறம், டைபாய்டிலும் டெங்குவிலும் நோய் முற்றியிருக்கும்போதே கவுண்ட் இறங்கியிருப்பதுண்டு.

அதனால் டோட்டல் கவுண்டை விட, அதற்குக் கீழே இருக்கும் டிஃபரன்ஷியல் கவுண்ட் வரிகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. வெள்ளை அணுக்களைச் சாயமேற்றி வகைபிரிக்க 1870களின் இறுதியில் வழிகாட்டியவர் ஜெர்மனியின் பால் எர்லிக். ஈசினோபில் கூடினால் ஒவ்வாமை, குடற்புழு, யானைக்கால் புழு ஆகியவற்றை நினைக்க வேண்டும். லிம்போசைட் கூடினால் வைரஸ் தொற்றையோ கக்குவான் இருமலையோ. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் இன்னும் தெளியும். முதிர்ந்த நியூட்ரோபிலின் உட்கரு மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்து மெல்லிய இழைகளால் இணைந்திருக்கும். கடும் பாக்டீரியா தொற்றில், மடல் பிரியாமல் வளைந்த பட்டைபோன்ற உட்கருவுடைய இளம் அணுக்களும் எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்துவிடுகின்றன. அணுவுக்குள் கருத்த துகள்கள் தெரிகின்றன.

'எதற்கும் இருக்கட்டும் என்று ஆன்டிபயாடிக் சாப்பிட்டோம், கவுண்ட் இறங்கிவிட்டதே' என்பார்கள். உடல் நெருக்கடியால் ஏறிய கவுண்ட், மருந்தே இல்லாவிட்டாலும் இறங்கியிருக்கும். எனவே இறங்கியது மருந்தின் வேலைக்குச் சான்றாகாது. குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், மனக்குழப்பத்தோடு காய்ச்சல் இருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. நான் அஞ்சுவது எதிர்த்திசையில் நடக்கும் தவறை: காய்ச்சலே இல்லாமல் வாரக்கணக்கில் கவுண்ட் ஏறிக்கொண்டே போக, ஒன்று மாற்றி ஒன்றாக ஆன்டிபயாடிக் விழுங்குவது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் ஓசையில்லாமல் தொடங்குகிறது. அதற்குக் காரணமான பிலடெல்பியா குரோமோசோம் என்னும் மரபணுக் கோளாறை ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். 2001இல் இமாட்டினிப் மாத்திரை வந்தபிறகு, அந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டபடி நெடுங்காலம் வாழ்கிறார்கள்.